டேபிள் போட்டா 1064, 1075, 150: ஆத்தங்குடி தம்பிக்கு பதில்

ஆத்தங்குடியில அப்பாவோட டைல்ஸ் பட்டறை, ஆர்டர் கணக்கெல்லாம் நோட்டுல கிடக்கு, அதை டேட்டாபேஸுக்கு மாத்தலாம்னு உக்காந்தா பிஎச்பிமைஅட்மின்ல (பிரவுசர்லேயே டேட்டாபேஸை கையாளுற கருவி) சேவ் குடுத்ததும் மொதல்ல 1064ன்னு எரர், அதை தாண்டுனா 1075, கஸ்டமர் டேபிளோட இணைக்கப் போனா 1005, கூடவே 150னு ஒரு நம்பர், மூணு நாளா இதே பாடுன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, செவப்பு பெட்டிய பாத்ததும் டேபிள அழிச்சிட்டு மொதல்லேர்ந்து போடாதீங்க, தப்பு எங்கன்னு அதுலயே இருக்கு. 1064ன்னா எழுதுன முறை தப்பு. 'நியர்'னு போட்டு ஒரு துண்டு காட்டும்ல, அந்த துண்டோட ஆரம்பத்துலயோ அதுக்கு ஒட்டி முன்னாடியோதான் கோளாறு இருக்கும். உங்களுக்கு அங்க 'நாட் நல்'னு (காலியா விடக்கூடாதுன்னு அர்த்தம்) வருதுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அதுக்கு முந்தின வார்த்தைய பாருங்க: டிசைன் பேருக்கு வார்ச்சார் (எழுத்துக்கான வகை) போட்டுட்டு, அதிகபட்சம் எத்தனை எழுத்துன்னு சொல்ற லென்த் கட்டத்தை காலியா விட்டிருப்பீங்க. இன்ட்டுக்கு (முழு எண் வகை) லென்த் வேண்டாம், வார்ச்சாருக்கு கட்டாயம். விலைக்கு இன்ட் வச்சு 10,2னு குடுத்தாலும் இதே 1064 வரும், அதுக்கு புள்ளி வச்ச எண்ணுக்கான டெசிமல்தான் சரி.

லென்த் எவ்வளவுன்னா கொஞ்சம் தாராளமாவே குடுங்க, ஏன்னா தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். 'ஆத்தங்குடி' நம்ம கண்ணுக்கு 6 எழுத்து, டேட்டாபேஸ் கணக்குல 10. கொலேஷன் (எந்த எழுத்துமுறைன்னு தேர்ந்தெடுக்குற கட்டம்) யுடிஎஃப்8எம்பி4 வகையா இருக்கட்டும், லத்தீன்1ல விட்டீங்கன்னா தமிழ் பேர் சேவ் ஆகாம எரர் வரும், இல்லேன்னா வெறும் கேள்விக்குறியா நிக்கும், அப்படி நின்னா அதை மீட்கவே முடியாது, இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்.

இன்னொண்ணு, ஆர்டர், குரூப், கீ இதெல்லாம் எஸ்கியூஎல்லோட (டேட்டாபேஸுக்கு கட்டளை எழுதுற மொழி) சொந்த வார்த்தைங்க. ஃபார்ம் வழியா போட்டா பிஎச்பிமைஅட்மினே பேரைச் சுத்தி பேக்டிக் (`) குறி போட்டு காப்பாத்திடும், ஆனா எஸ்கியூஎல் டேப்ல நீங்களே டைப் பண்ணா அங்கயே 1064, நாளைக்கு பில் போடுற புரோகிராம் எழுதும்போதும் இதே தலைவலிதான். பேரையே ஆர்டர்_நம்பர்னு மாத்திடுங்க.

1075 சின்ன விஷயம். ஏ_ஐ (நம்பரை தானா கூட்டிக்கிட்டே போறது) டிக் பண்ண நெடுவரிசைக்கு பிரைமரி கீ மாதிரி எந்த கீயும் இல்ல, இல்லேன்னா ரெண்டு நெடுவரிசைக்கு டிக் போட்டிருக்கீங்க.

1005 கூட வர்ற 150தான் நிறைய பேரை அலைய விடும், ரெண்டு டேபிளை இணைக்கிற ஃபாரின் கீ சரியா அமையலன்னு அர்த்தம். கஸ்டமர் டேபிள்ல ஐடி அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) இன்ட்டா இருந்து ஆர்டர் டேபிள்ல வெறும் இன்ட்டா இருந்தா ரெண்டும் சேராது, ஒரே அச்சுல வார்த்த மாதிரி வகை ஒத்துப் போகணும். கஸ்டமர் டேபிள் முதல்ல இருக்கணும், அதுல அந்த ஐடிக்கு இன்டெக்ஸ் (தேடுறதுக்கான அட்டவணை, பிரைமரி கீயா இருந்தா அதுவே போதும்) இருக்கணும், ரெண்டு டேபிளோட ஸ்டோரேஜ் எஞ்சினும் இன்னோடிபியா இருக்கணும், பழசு ஒண்ணு மைஐசாம் எஞ்சின்ல கிடந்தா மாத்திடுங்க.

இவ்வளவும் பாத்த பிறகும் 150 வந்தா, எஸ்கியூஎல் டேப்ல 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' ஓட்டி, அதுல லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்ங்கிற பகுதிய மட்டும் அப்படியே அனுப்புங்க, பாத்து சொல்றேன்.