துரியோதனன் ஏன் இளைத்துப்போனான்?

கேள்வி: அரண்மனை, படை, 99 தம்பிகள் என்று எல்லாம் இருந்தும் துரியோதனன் பாண்டவர்களைப் பார்த்து வயிறெரிந்தது வெறும் பொறாமைதானே?

பதில்: பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் அவனைப் பாதிதான் படித்திருக்கிறோம். வியாச பாரதத்தின் ஆதிபர்வத்தில், அரக்கு மாளிகைச் சதிக்கு முன்பு, அவன் அப்பாவிடம் பேசுவதைப் பாருங்கள். கண் தெரியாததால் உங்களுக்குக் கிடைக்காத அரசு பாண்டுவுக்குப் போனது, இனி அவர் மகனுக்கு, அப்புறம் அந்த மகனின் மகனுக்கு என்று போய்க்கொண்டே இருந்தால் நாமும் நம் பிள்ளைகளும் அடுத்தவர் போடும் சோற்றில்தான் பிழைக்க வேண்டும் என்கிறான். இது பயம். அதற்குக் காரணமும் இருந்தது.

பிறகு ராஜசூய யாகம். மன்னர்கள் கொண்டுவரும் காணிக்கைகளை வாங்கிவைக்கும் பொறுப்பைத் தர்மர் அவனுக்குத்தான் கொடுக்கிறார், மரியாதையாக நினைத்துத்தான் கொடுத்திருப்பார். ரத்தினங்களை வாங்கி வாங்கிக் கை ஓய்ந்துபோனது, நான் களைத்த பிறகும் ஆட்கள் காத்து நின்றார்கள் என்று ஊர் திரும்பியதும் அவனே சொல்கிறான். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொண்டதையும், நிஜத் தண்ணீரில் விழுந்தபோது பீமன் சிரித்ததையும் மட்டுமே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்தக் கை ஓய்ந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

நல்ல துணி, நல்ல சாப்பாடு, குதிரை எல்லாம் இருந்தும் ஏன் வெளிறி இளைத்துப்போனாய் என்று திருதராஷ்டிரர் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. அந்த பயத்தை வளரவிட்டவரும் அவர்தான், கடைசியில் சூதாட்டத்துக்கு அழைத்துவர விதுரரை அனுப்பியவரும் அவர்தான்.

கேள்வி: பரம்பரைப் பணக்காரருக்கு இந்தக் கவலை இருக்காதல்லவா?

பதில்: 1925-இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் எல்லோரும் கேட்ஸ்பியைப் பற்றியே பேசுவார்கள். ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன் பெயரை மாற்றிக்கொண்டு, கள்ளச்சாராயத்திலும் இன்னும் எதிலெதிலோ பணம் சேர்த்து, பழைய காதலி டெய்சியின் முன்னால் விலையுயர்ந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டுகிறான், அவள் அழுகிறாள். சரி, அவள் கணவன் டாமைக் கவனித்தீர்களா? பிறந்ததிலிருந்தே கோடீஸ்வரன், அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. ஆனாலும் முதல் அத்தியாயத்தின் இரவுச் சாப்பாட்டிலேயே நாகரிகம் சிதைகிறது, நம் வெள்ளை இனம் அமுங்கிவிடும் என்று எதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் புலம்புகிறான். இரண்டு பேரில் டாம்தான் ஆபத்தானவன் என்பேன். தன் மனைவியைக் கார் அடித்துக் கொன்ற வெறியில் துப்பாக்கியோடு வந்து நிற்கும் கார் பட்டறைக்காரன் வில்சனிடம், அது கேட்ஸ்பியின் கார் என்று சொல்லி அனுப்புகிறவன் அவன்தான்.

கேள்வி: அரியணை ஏறிய பிறகாவது ஷேக்ஸ்பியர் நாடகத்தின் மேக்பெத் நிம்மதியாக இருந்தானா?

பதில்: ஒரு நாள்கூட இல்லை. ராஜாவாக இருந்து என்ன பயன், பத்திரமாக இருக்க வேண்டாமா என்று ஷேக்ஸ்பியர் அவனைப் புலம்ப வைக்கிறார். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசர் டங்கனைத் தூக்கத்தில் கொன்றவன், அதனால் பிரபுக்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வேலைக்காரனுக்குக் காசு கொடுத்து உளவு பார்க்கிறான். முழு நாடகத்துக்கும் நேரமில்லை என்றால் மூன்றாம் அங்கத்தை மட்டுமாவது படியுங்கள்.