துளை போட்ட காகிதச் சுருள்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். போன வாரம் ஒரு வினாடி வினாவில் "வைஃபையைக் கண்டுபிடித்த ஹாலிவுட் நடிகை யார்?" என்றார்கள். ஹெடி லமார் என்று சொல்லிப் பரிசு வாங்கினேன். ஆனால் கம்ப்யூட்டர், போர்கள், பிரபலங்கள் என்று படிப்பதெல்லாம் மறுவாரமே மறந்துவிடுகிறது. எந்தப் பொது அறிவுப் புத்தகம் வாங்கலாம்?
கி.

அன்புள்ள கி.,

புத்தகம் எதையாவது வாங்குங்கள், எல்லாம் ஒன்றுதான். அந்தக் கேள்வியைத்தான் என்னால் விட முடியவில்லை. அவர் வைஃபையைக் கண்டுபிடிக்கவில்லை. பரிசு கொடுத்தவருக்கும் தெரியவில்லை, நீங்களும் தேடிப் பார்க்கவில்லை. கோபமாக வருகிறது.

ஒன்பதாவது படிக்கும்போது ரேடியோவுக்கு மார்க்கோனி என்று சொல்லி ஒரு டிபன் பாக்ஸ் ஜெயித்து வந்தேன். அப்பா ரேடியோ மெக்கானிக். "சரி, அது எப்படிப் பாடுது?" என்றார். முழித்தேன். திட்டவில்லை, ஒரு ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி, குமிழைத் திருப்பச் சொன்னார். நிலையத்தை மாற்றுகிற கேங் கண்டன்சர் என்ற பாகத்தின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய நுழைய திருச்சி நிலையம் தேய்ந்து வேறொரு குரல் வந்தது. இன்றுவரை மறக்கவில்லை.

லமார் செய்ததும் அந்தக் குமிழைத் திருப்புகிற வேலைதான். டார்பிடோ என்பது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் குண்டு. ரேடியோவால் செலுத்தும் டார்பிடோவை, அது எந்த அலைவரிசையில் கேட்கிறது என்று எதிரி கண்டுபிடித்துவிட்டால், அதே அலைவரிசையில் இரைச்சல் போட்டுக் கெடுத்துவிடலாம். அதனால் கப்பலும் டார்பிடோவும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாறி மாறித் தாவ வேண்டும். எப்படிச் சேர்ந்து தாவுவது? கூட்டாளி ஜார்ஜ் ஆன்தைல் இசையமைப்பாளர், தானாக வாசிக்கும் பியானோக்களுக்கு இசை எழுதியவர். அந்தப் பியானோவை ஓட்டுவது துளை போட்ட காகிதச் சுருள். ஒரே மாதிரி சுருள் இரண்டு, கப்பலில் ஒன்று, டார்பிடோவில் ஒன்று, துளைகள் சொல்கிறபடி இரண்டும் சேர்ந்து அலைவரிசை மாறும். அலைவரிசைகள் 88, பியானோவின் கட்டைகளும் 88! 1942 ஆகஸ்ட் 11-இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப் போரில் அதைப் பயன்படுத்தவே இல்லை. நடிகையோ ஊர் ஊராகப் போய்ப் போர்க் கடன் பத்திரம் விற்றுக் கொடுத்தார்.

தாவுகிற அந்த யோசனை இன்று உங்கள் புளூடூத்தில் இருக்கிறது. பழைய வகை புளூடூத் 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1600 தடவை தாவும். வைஃபையின் 1997-ஆம் வருடத் தரத்தில் தாவலும் ஒரு வழியாக இருந்தது, இன்றைய வைஃபை அப்படி வேலை செய்வதில்லை.

இதில் கம்ப்யூட்டர், போர், நடிகை மூன்றும் இருக்கிறது, தம்பி. நீங்கள்தான் மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். வேலை தேடுகிற வயதில் நேரம் எவ்வளவு நெருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சாயங்காலம் ஒதுக்கி அமெரிக்கக் காப்புரிமை எண் 2,292,387-ஐ நெட்டில் தேடுங்கள். லமார் என்ற பெயர் அதில் இருக்காது, விண்ணப்பித்தபோது இருந்த கணவர் பெயரோடு ஹெடி கீஸ்லர் மார்க்கி என்று இருக்கும். படங்களில் அந்தத் துளைச் சுருளைக் கண்டுபிடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.