யாழ்ப்பாணத்தில் அம்மாவைச் சேர்க்க நல்ல முதியோர் இல்லம் எது? எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது?

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். "மாபிள் போட்ட தனியறை, அட்டாச் பாத்ரூம், சைவச் சாப்பாடு, சீசீரீவி கமரா" என்று வரிசை பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே இருக்கிறவர் என்றால் முதலில் மாதக் காசைத்தான் கேட்டிருப்பீர்கள். லீவில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, மனம் கேளாமல் திரும்பிப் போயிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். பிழையென்றால் குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட நாலும் இருந்த இல்லத்தில்தான் என் பெரியம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். ஆகவே அந்த நாலையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இதைக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் முழித்திருக்கிறார்? "ஆள் இருக்கினம்" என்று சொன்னால் விட்டுவிடக் கூடாது. ஆளின் பெயர் என்ன, இருந்து முழிக்கிறாரா பாய் போட்டுப் படுக்கிறாரா, அந்த ஒருவருக்கு எத்தனை முதியவர்கள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

"பெற்ற தாயை இல்லத்தில் விட்டவைக்கு என்ன தரம், என்ன பாதுகாப்பு" என்று கீழே பிரசங்கம் வைக்கச் சிலர் வருவினம். அவர்களுக்கு முதலே சொல்லி வைக்கிறேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகன், எனக்கு அண்ணா முறை, ரொரன்ரோவில், மகள் மெல்பேணில். என் வீட்டில் படுத்த படுக்கையாக மாமி. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம், பிறஷர், இதயத்துக்கும் குளிசை. தனிய இருந்த வீட்டில் இரண்டு தரம் அடுப்பை நிற்பாட்டாமல் படுத்துவிட்டார். "பிள்ளை, எனக்கு ஆள் நடமாட்டம் உள்ள இடம் வேணும்" என்று கேட்டவர் அவர்தான். அப்போது வாய்ப்பந்தல் போட்ட சொந்தக்காரர் ஒருவரும் ஓர் இரவு துணைக்கு வந்து படுத்தது கிடையாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

போய்ப் பார்த்த அன்று நிர்வாகி எல்லாம் சுற்றிக் காட்டினார். விறாந்தையில் மீன் தொட்டி, சுவரில் பிறேம் போட்ட பதிவுச் சான்றிதழ், முகம் பார்க்கலாம் போல மினுங்கும் நிலம். தன் போனில் எட்டுக் கமராவையும் திறந்து காட்டி, "கனடாவில இருந்தும் பாக்கலாம்" என்றார். அண்ணாவுக்கு அதிலேயே மனம் நிறைந்துவிட்டது. அந்த எட்டும் கேற், மதில், சாப்பாட்டு மண்டபம், களஞ்சிய அறை என்று சாமான் களவு போகாமல் பார்க்கிற கமராக்கள். அறையிலிருந்து கழிவறைக்குப் போகிற ஓடைப்பக்கம் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் கமரா ஓடி வந்து கையைப் பிடிக்கப் போவதில்லை.

ஒரு நாள் காலமை ஏழு மணிபோல் அழைப்பு. "அம்மா குளிக்கப் போகேக்க சறுக்கிட்டா, இப்பதான், பயப்பிட ஒண்டுமில்லை." பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டொக்டர் முதலில் கேட்டது "எத்தனை மணிக்கு விழுந்தவ?" என்பதை. நான் ஆறரை இருக்கும் என்றேன். அவர் பெரியம்மாவின் விலாவையும் முழங்கையையும் காட்டினார். அழுந்திச் சிவந்து, ஓரிடத்தில் தோல் கொப்பளித்திருந்தது. சோட்டி நனைந்து காய்ந்த அடையாளம். நாக்கு வறண்டு கிடந்தது. இது அரை மணித்தியாலக் கதை இல்லை என்றார். பெரியம்மாவும் தெளிவாகத்தான் இருந்தார்: "ரெண்டு மணி அடிச்சுக் கேட்டது. கூப்பிட்டன், கூப்பிட்டன். பேந்து கோயில் மணி கேக்குமட்டும் கிடந்தன்."

வயது போனவர்கள் விழுந்தால் முறிவு மட்டும்தான் பிரச்சினை என்று நாங்கள் நினைக்கிறோம். எழும்ப முடியாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தரையில் கிடப்பதே தனி ஆபத்து. அழுந்திக் கிடந்த தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும், தோல் புண்ணாகும், உடம்பில் தண்ணீர் வற்றும், நெஞ்சில் சளி கட்டும். அதனால்தான் டொக்டருக்கு நேரம் வேண்டியிருந்தது. நேரத்தை மாற்றிச் சொன்ன நிர்வாகிக்கு அது விளங்கியதோ தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள், அதில் அறுபது தாண்டியவர்கள்தான் கூட. எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தலில் "இயற்கை எய்தினார்" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ஏன் விழுந்தார் என்பது ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது. வோர்ட்டில் நேர்ஸ் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, நீர்க்குளிசையை எப்போது கொடுக்கிறவர்கள் என்று கேட்டார். நீர்க்குளிசை என்றால் உடம்பில் தங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. அதைக் காலமை கொடுக்கச் சொல்லித்தான் கொப்பியில் எழுதியிருந்தது. இல்லத்தில் காலமை வேலைக்கு வரும் பிள்ளைக்குச் சமையலும் கூட்டுகிறதும் சேர்ந்து கிடந்ததால், எல்லாக் குளிசையையும் ஒன்றாக்கி இரவுச் சாப்பாட்டோடு கொடுத்து வந்திருக்கிறார்கள். பெரியம்மா ஏன் இரவில் மூன்று நாலு தரம் எழும்புகிறார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிறஷர் குளிசையும் இரவில்தான். படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். கழிவறை வாசலில் ஈரம், மினுங்கும் மாபிள், பிடிக்க ஒரு கம்பி இல்லை, லைற் சுவிச் கதவுக்கு அங்கால். இரவு வேலைக்கு என்று இருந்தது ஓர் இளம் பிள்ளை. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளையை நான் ஏசவில்லை, ஏசவும் மாட்டேன். இருபதுக்கும் மேற்பட்ட முதியவர்கள், பம்பர்ஸ் மாற்ற வேண்டியவர்களே பாதிப் பேர், கையில் கிடைக்கிற காசு ஒரு கடையில் நின்றால் கிடைப்பதிலும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற இன்னொரு கணக்கும் இருக்கிறது: பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஓராண்டுக்குள் தாங்களே ஏதோ விதத்தில் முதியவர்களைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் கொடியவர்களாக இருக்க முடியாது. ஆள் பற்றாத இடத்தில், நித்திரை முறித்தவன் கையில் ஒரு வயோதிபரை விட்டால் அப்படித்தான் முடியும்.

அண்ணாவுக்குச் சொன்னபோது, "இஞ்ச எண்டா லைசென்சையே பறிச்சிருப்பாங்கள்" என்று கொதித்தார். ரொரன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி நாலு மணித்தியாலம் நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைத்திருப்பதும், பரிசோதகர் எழுதும் அறிக்கையை யாரும் இணையத்தில் வாசிக்கலாம் என்பதும் உண்மைதான். இங்கிலாந்தில் இல்லத்தின் தர மதிப்பீட்டை வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதே ஒன்ராறியோவில் 2020இல் கொரோனாவுக்குள் சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. கரப்பான் பூச்சியும் பழுதான சாப்பாடும் மலசலத்தோடு விடப்பட்ட நோயாளிகளும் என்று இராணுவம் எழுதிய அறிக்கை உலகம் முழுக்கப் போனது. ஊரைக் கீழாகப் பேச முதல் அதையும் வாசித்துப் பார்க்கச் சொன்னேன். கோபத்தில் அண்ணா இரண்டு கிழமை பேசவில்லை.

பேசத் தொடங்கினபோது முதலில் கேட்டது தேங்காயை! அவர்களின் பூட்டிக் கிடக்கிற வீட்டுத் திறப்பு என்னிடம்தான். கரண்ட் பில் கட்டுகிறது, வளவு கூட்டுவிக்கிறது, கிணறு இறைப்பிக்கிறது எல்லாம் நான். தேங்காய் விலை ஏறின நேரம், போன மாதம் விழுந்தது எத்தனை, ஆருக்குக் கொடுத்தனீங்கள் என்று வட்ஸ்அப்பில் கணக்கு. வளவிலும் கமரா பூட்டியிருக்கிறார், நான் உரப்பையோடு போகிறது தெரிகிறதாம். கூட்டுகிற மனிசிக்குக் கூலியோடு நாலு தேங்காய் கொடுக்காமல் இந்தக் காலத்தில் ஆர் வருவினம்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதையும் ஒருக்கால் வாசிக்கட்டும்.

சத்திரசிகிச்சை முடிந்து பெரியம்மா இப்போது வேறோர் இல்லத்தில். பழைய சுண்ணாம்பு வீடு, சீமெந்து நிலம், ஓர் அறையில் மூன்று பேர். பக்கத்துக் கட்டில் ஆச்சி விடிய விடியக் கதைப்பார். காற்றாடி மெல்லத்தான் சுற்றும். அண்ணா படத்தைப் பார்த்துவிட்டு "உதென்ன ஆஸ்பத்திரி மாதிரி" என்றார். நான் அதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம், இரவு எட்டு மணிக்கு வந்து காலமை ஆறு மணிக்குப் போகிற ஓர் ஆள் இருப்பது. அந்த ஆளுக்குப் பகலில் வேலை கிடையாது. ஒரு சிஆர் கொப்பி, தடித்த மட்டை போட்ட கொப்பி, இருக்கிறது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து எழுத வேண்டும்: நித்திரை, எழும்பினவ, பம்பர்ஸ் மாற்றியது, பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது. தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்ற கணக்கில் திருப்பாவிட்டால் குதியிலும் நாரியிலும் படுக்கைப்புண் வந்துவிடும், காற்று மெத்தை போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். கழிவறையில் வெல்டிங்காரர் அடித்த இரும்புப் பைப் இரண்டு பக்கமும். கட்டில்கள் உயரம் குறைந்தவை, இருந்தால் கால் நிலத்தில் முட்டும்.

பெரியம்மாவுக்கு அங்கே ஒரு முறைப்பாடு. "உந்தப் பெட்டை ரோர்ச் அடிச்சு அடிச்சு என்ர நித்திரையைக் குழப்புறாள், நீ ஒருக்காச் சொல்லு." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பதிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் விசாரிக்கலாம், பிறகு முறைப்பாடு என்றாலும் முதலில் அவரிடம்தான். கைதடியில் அரசாங்க இல்லமும் இருக்கிறது, "அரசாங்கம்தானே" என்று பார்க்காமலே தள்ளிவிடாதீர்கள். ஆனால் பிறேம் போட்ட சான்றிதழ் இரவில் நடப்பதைச் சொல்லாது என்பதை என் கதையிலேயே பார்த்தீர்கள்.

மத்தியானம் போகாதீர்கள். மத்தியானம் எல்லா இல்லமும் அழகாக இருக்கும், எவராவது ஒருவரின் பிறந்தநாள் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும். இரவு ஏழரை எட்டுக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் அதுவே ஒரு பதில். ஆளை அனுப்புவதென்றால் வெட்கப்படாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள். குளிசை கொடுத்த கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். மாதா மாதம் நிறை பார்க்கிறார்களா என்று கேளுங்கள், ஒருவருக்கு ஒழுங்காகச் சாப்பாடு போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். கடைசியாக ஆர் விழுந்தவர் என்று கேளுங்கள். "இஞ்ச ஒருத்தரும் விழுறேல்லை" என்று சொல்கிற இடத்தை நான் நம்பமாட்டேன். முதியவர்கள் இருக்கிற இடத்தில் விழாமல் இருக்காது, எழுதி வைக்காமல் இருக்கலாம். படுத்திருக்கும் ஒருவரின் குதியைப் போர்வை விலக்கிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று. அம்மாவின் பிறந்தநாளுக்கு வடை பாயாசத்தோடு சாப்பாடு போட்டு, பேஸ்புக்கில் படம் போடுகிற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். சீனி வருத்தக்காரருக்குப் பாயாசம் ஊற்றிவிட்டு நீங்கள் புண்ணியம் தேடிக்கொள்வீர்கள், பின்னேரம் அவர்களின் சீனியை அளக்கிறது வேறொருவர். அந்தக் காசை இரவு ஆளின் சம்பளத்துக்கென்று சொல்லிக் கொடுங்கள். எந்த நிர்வாகியிடம் கேட்டாலும் சாப்பாட்டுக்கு நாள் பிடித்து வைக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பார், சம்பளத்துக்கு ஒருவரும் வருவதில்லையாம். படம் எடுக்க முடியாதே.

இல்லத்தின் பெயர் கேட்டு இன்பொக்ஸுக்கு வர வேண்டாம். முதலாவதின் பெயரைச் சொன்னால் வழக்கு வரும், இரண்டாவதில் கட்டில் இல்லை. நல்ல இடம் கிடைக்கும்வரை அம்மா வீட்டில்தான் இருப்பார் என்பதால், பக்கத்தில் உள்ள ஒருவரைக் கொண்டு கிளினிக் கொப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்குளிசை இருந்தால் எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்றும், இரவுக் குளிசைகள் எவை என்றும் எழுதி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.