தூக்கமும் வலிப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளுக்கு 16 வயது. பரீட்சைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் படித்தாள். காலையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். சில மாதங்களாகவே காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழும்.

பதில்: பிரஷ் விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? கவனக்குறைவு என்று திட்டிவிட்டு மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். பதின்வயதில் தொடங்கும் 'ஜேஎம்ஈ' (ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி) என்ற வலிப்பு வகை இப்படித்தான் தலைகாட்டும். தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் கைகள் வெட்டி வெட்டி இழுக்கும், டம்ளர் நழுவும். தூக்கம் கெட்டால் முழு வலிப்பாகவே வரும். வகை தெரிவது முக்கியம். மற்ற சில வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும் கார்பமாசெபின் என்ற மருந்து இந்த வெட்டிழுப்பைக் கூட்டிவிடலாம். வால்ப்ரோயேட் என்ற மருந்து இதற்கு நன்றாகவே கேட்கும், ஆனால் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். அதனால் பெண் பிள்ளைகளுக்கு முடிந்தவரை வேறு மருந்தைத்தான் பார்ப்போம்.

அப்புறம், ராத்திரி வேண்டாம், விடியற்காலை 4 மணிக்கு அலாரம் வைத்துப் படிக்கட்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் போதாமல் தட்டி எழுப்புவதும் இவர்களுக்கு ஆகாது.

கேள்வி: கணவர் தூக்கத்தில் திடீரென்று கத்தி, கை கால்களை உதறுகிறார். அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. கெட்ட கனவா?

பதில்: ஒரே இரவில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக அதே மாதிரி என்றால் வலிப்பாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியில் கிளம்பும் வலிப்பு இப்படி வரும். கனவு அதிகம் வரும் 'ரெம்' உறக்கத்தில் வலிப்பு அபூர்வம். மூளைச் செல்கள் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் மற்ற உறக்க நிலைகள்தான் அதற்குத் தோது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஈஈஜிக்கு முந்தின இரவு தூங்கக் கூடாது என்கிறார்கள். அதனாலேயே வலிப்பு வந்துவிடாதா?

பதில்: வரலாம், சிலருக்கு வந்தும் இருக்கிறது. தூக்கத்தைக் குறைத்து, பிறகு அங்கேயே தூங்க வைத்துப் பார்த்தால்தான் சாதாரணப் பதிவில் சிக்காத அலைகள் தெரியும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், இருந்தும் வருகிறது. குறட்டை அதிகம்.

பதில்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அதற்கு, மூச்சுப் பாதை அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவி வைத்த பிறகு வலிப்பும் குறைந்தவர்கள் உண்டு.