பசையின் நெடியும் மரத்தூளும்: எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி: தச்சுப்பட்டறையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிளைவுட் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு, சிகரெட் இடம்பெற்றுள்ள அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருப்பதாகப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004-இல் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் சேர்த்தது. ஆனால் ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. எந்த அளவில், எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பதைச் சொல்வதில்லை. வெயிலும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே சிகரெட்டுக்குப் பக்கத்தில் பெயர் இருப்பதாலேயே ஆபத்தும் சிகரெட் அளவுக்கு இருக்கும் என்று கொள்ள வேண்டாம். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை ஆண்டுகள் உடலுக்குள் போனது என்பதை வைத்தே ஆபத்தைக் கணிக்க வேண்டும்.

ஃபார்மால்டிஹைடு நம் உடலிலேயே இயல்பாக உண்டாகும் பொருள். மூச்சில் போவது பெரும்பாலும் மூக்கு, தொண்டைச் சவ்விலேயே தங்கி வேதிமாற்றம் அடைந்துவிடும். அதனால் ரத்தத்தில் அதை அளந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளப் பொருள்களைத் தேடும் 'டியூமர் மார்க்கர்' பரிசோதனைகளும் இதற்கு உதவாது. வீண் பயத்தையும் வீண் செலவையும்தான் தரும். அளக்க வேண்டியது பட்டறையின் காற்றை. வீடு போன்ற உட்புறக் காற்றுக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். புதுப் பலகையிலிருந்தும், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாளிலும் ஃபார்மால்டிஹைடு கூடுதலாக வெளியேறும். கண் எரிந்து நீர் வழிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட மரத்தூளைப் பற்றி இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். மரத்தூளும் 1995 முதல் அதே முதல் பிரிவில் இருக்கிறது. குறிப்பாக ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூளில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு மூக்கு அறையிலும் அதைச் சுற்றியுள்ள காற்றறைகளான சைனஸ்களிலும் ஒருவகைப் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வந்திருப்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. அரிதான நோய்தான், ஆனால் தவிர்க்கக்கூடியது. பசைக்கு நெடி இருப்பதால் அஞ்சுகிறோம். தூளுக்கு நல்ல மணம் இருப்பதால் விட்டுவிடுகிறோம். உப்புத்தாள் தேய்த்த நாளின் முடிவில் வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திப் பாருங்கள். அதில் படியும் பழுப்பு நிறம் எந்த ஆய்வகமும் தராத தகவலைத் தரும்.

தேய்க்கும் இயந்திரத்துடன் தூளை உறிஞ்சும் குழாயை இணைக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றால் உடையையும் மேசையையும் ஊதும் பழக்கத்தை இன்றே விடுங்கள், ஏனெனில் படிந்த நுண்தூளை அது மீண்டும் மூச்சுக்கு அனுப்புகிறது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் தூளைத் தடுக்கும். பசையின் வாயுவைத் தடுக்காது, அதற்குக் காற்றோட்டம்தான் வேண்டும்.

ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, அதே பக்கத்தில் ரத்தம் கலந்த சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும், எத்தனை ஆண்டுகள் எந்தெந்த மரத்தில் வேலை செய்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.