மறு: கார்கில் போன அப்பா அறையை விட்டு வெளியே வருவதில்லை

தம்பி, 1999 கார்கில் போரில் காலை இழந்த அப்பா ஆள் கூடினாலே பதறுகிறார், சமூகத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனைகளிலேயே தோட்ட வேலையைச் சிகிச்சையோடு சேர்த்தார்கள்.

முதல் நாளே கூட்டத்தில் விடாதீர்கள். விடிகாலையில், நாலு பேர் மட்டுமே இருக்கும்போது போங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எதிரே வாசல், அப்படி ஒரு மூலையைப் பிடியுங்கள். செயற்கைக் காலோடு குனிவது சிரமம். இடுப்பு உயர மேடையில் குரோ பேக் (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை) வைத்து அரைக்கீரை விதைக்கச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும், அதைப் பார்க்கவாவது வருவார். மோட்டார் போடுமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள், திடீர்ச் சத்தம் ஆகாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் மாமாவும் ராணுவம்தான். அவரும் இப்படித்தான் இருந்தார். ஒருநாள் தோட்டத்தில் என் கையிலிருந்த களைக்கொத்தைப் பிடுங்கி ‘நீ தள்ளு’ என்றார் பாருங்கள், அன்றைக்குத்தான் எங்களுக்கு உயிர் வந்தது.