ரஷ்ய வீரர் புவாய்சர் சைத்தியெவை எல்லாக் காலத்திலும் தலைசிறந்த ஃப்ரீஸ்டைல் மல்யுத்த வீரர் என்று சொல்வது ஏன்?

பதக்கக் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் இந்த வாதம் நிற்காது. சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெத்வேத் 3 ஒலிம்பிக் தங்கமும் 7 உலகப் பட்டமும் வென்றவர். சைத்தியெவிடம் 3 ஒலிம்பிக் தங்கம் (1996, 2004, 2008), 6 உலகப் பட்டம் (1995, 1997, 1998, 2001, 2003, 2005). ஒன்று குறைவுதான். ஆனால் சைத்தியெவ் அந்த மூன்று தங்கத்தையும் மூன்று வேறு வேறு விதிமுறைகளின் கீழ் வென்றார். என் கணிப்பில் அவருடைய பெருமையே அதுதான்.

1996 அட்லாண்டாவில் ஆட்டம் இடைவெளி இல்லாத ஒரே 5 நிமிடம். 2004 ஏதென்ஸில் 3 நிமிடச் சுற்றுகள் இரண்டு. முன்னிலையில் இருந்தாலும் 3 புள்ளி சேராவிட்டால் கூடுதல் நேரம். 2008 பெய்ஜிங்கில் 2 நிமிடச் சுற்றுகள் மூன்று, இரண்டை வென்றவருக்கு வெற்றி. எடைப்பிரிவும் 74 கிலோவிலிருந்து 76க்குப் போய், 2002இல் மறுபடி 74க்கு வந்தது. விதி மாறும்போது பலருடைய ஆட்டம் அதோடு முடிந்துவிடும். ஓயாமல் தள்ளி எதிராளியைக் களைக்க வைத்தே ஜெயிப்பவருக்கு 2 நிமிடச் சுற்று ஒத்துவராது.

சைத்தியெவ் 1975இல் பிறந்த ஊர் காசவ்யுர்ட். ரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசில், செச்சன்யா எல்லையை ஒட்டியது. செச்சன் மக்கள் கணிசமாக வாழும் ஊர். ரஷ்யாவுக்கும் செச்சன் பிரிவினைவாதிகளுக்கும் நடந்த முதல் செச்சன் போரை முடித்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் அங்கேதான், அவர் அட்லாண்டாவில் வென்ற அதே ஆண்டில், 1996 ஆகஸ்டில். இளம் வயதிலேயே சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் போய், திமித்ரி மிண்டியாஷ்விலியிடம் பயிற்சி பெற்றார். 20 வயதில் உலகச் சாம்பியன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நெடிய, ஒல்லியான உடல். நிமிர்ந்த நிலை, தளர்ந்த தோள், தொங்கும் கைகள். பார்த்தால் அசட்டையாக நிற்பதுபோல் தெரியும், ஆனால் கை எப்போதும் எதிராளியின் மணிக்கட்டிலோ முழங்கையிலோ பட்டுக்கொண்டே இருக்கும். எதிராளி எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறார் என்று அந்தத் தொடுதலிலேயே கண்டுபிடித்துவிடுவார். மாற்றிய கணத்தில் அந்தக் காலைத் தட்டிவிடுவார்.

எதிராளி பாய்ந்து காலைப் பிடித்துவிட்டாலும் பதற மாட்டார். காலை உருவப் பார்க்காமல், இடுப்பை எதிராளியின் தோள்மேல் இறக்கிப் பாரத்தை அங்கே வைப்பார். ஒரு கை முதுகைத் தாண்டிப்போய்த் தொடையைப் பிடிக்கும். பிடிபட்ட கால் எதிராளியின் காலுக்குள் கொக்கி போட்டுக்கொள்ளும். அங்கிருந்து உருட்டினால், பிடித்தவர் முதுகுதான் தரைவிரிப்பைப் பார்க்கும். அந்தக் காலத்தில் எதிராளியைக் கீழே சாய்த்தால் 1 புள்ளி, முதுகை விரிப்பை நோக்கித் திருப்பினால் 2. ஆகவே தன் காலைப் பிடிக்க விடுவதே அவருக்கு லாபமான பேரம்.

2000 சிட்னியில் இது கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் பிராண்டன் ஸ்லே ஆரம்பச் சுற்றிலேயே அவரைத் தோற்கடித்தார். அப்போது சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவில் முதலிடம் பெறுபவரை மட்டுமே மேலே அனுப்பினார்கள். ஒரே தோல்வியில் 9ஆம் இடம். இறுதிப் போட்டியில் ஸ்லேயை வென்ற ஜெர்மனியின் லைபோல்ட் ஊக்கமருந்தில் சிக்கியதால் தங்கம் ஸ்லேக்குப் போனது. அதே சிட்னியில் தம்பி ஆதாம் சைத்தியெவ் 85 கிலோ பிரிவில் தங்கம் வென்றார் என்பது பலருக்கு நினைவிருக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது பெய்ஜிங். 2005இல் வந்த விதிகள் அவருக்கு எதிராகவே எழுதப்பட்டவைபோல் இருந்தன. வட்டத்துக்கு வெளியே தள்ளினாலே 1 புள்ளி என்பதால், விளிம்பருகே காலைக் கொடுத்து விளையாட முடியாது. சுற்று 0-0 என முடிந்தால் பந்து எடுத்துக் குலுக்கல். வென்றவர் எதிராளியின் காலைப் பிடித்தபடி தொடங்குவார், 30 நொடிக்குள் புள்ளி எடுக்க வேண்டும். பெரும்பாலும் குலுக்கலில் வென்றவருக்கே சுற்று. 33 வயதில் அவர் செய்தது, விரிப்பின் நடுவை விட்டு நகராமல், கைப்பிடிச் சண்டையிலேயே எதிராளியைக் கட்டிப்போட்டது. இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் சோஸ்லான் திகியெவை வென்றார்.

2025 மார்ச் 2 அன்று மாஸ்கோவில் 49 வயதில் இறந்தார்.

பார்க்க விரும்பினால் ஏதென்ஸ் ஆட்டங்களில் தொடங்குங்கள். முதல் தடவை கைகளை மட்டும், மறுதடவை கால்களை மட்டும் கவனியுங்கள். பழகும் பிள்ளைகள் அந்தத் தளர்ந்த நிலையைத்தான் முதலில் காப்பியடிக்கிறார்கள். இடுப்பு நெகிழ்வும் தொடு உணர்வும் வராமல் காலைக் கொடுத்தால், எதிராளி அப்படியே தூக்கிச் சாய்த்துவிடுவார். இன்றைய விதியில் அதற்கு 2 புள்ளி. முதலில் மணிக்கட்டுப் பிடியையும், பிடிபட்ட காலோடு சமநிலை தவறாமல் நிற்பதையும் பழகட்டும்.